இறங்கலாமா என்று கேட்பவள்

தன் அறைக்குள் போவதற்கு முன்னால் வாசற்படியில் நின்று "வரலாமா?" என்று கேட்கிற மனுஷியை நான் என் புக்ககத்தில்தான் முதன்முதலாகப் பார்த்தேன். அறைக்குள் யாரும் இருக்கமாட்டார்கள். ஒரு கட்டில், ஒரு பீரோ, ஜன்னலோரமாகத் துணி போட்டு மூடிய கம்ப்யூட்டர். பதில் சொல்ல ஒரு பல்லிகூடக் கிடையாது. ஆனாலும் கதவைப் பிடித்துக்கொண்டு ஒரு கணம் நிற்பாள். உதடு அசையும். அப்புறம்தான் கால் உள்ளே போகும்.

அவள் என் கணவரின் அண்ணன் மனைவி. என் கணவர் கூப்பிடுவதைப் பார்த்து நானும் மன்னி என்றே கூப்பிட்டேன். திருப்பதியில் கோயிலைச் சுற்றியிருக்கும் சந்துகளில் ஒன்றில் எங்கள் வீடு. மாமனாருக்கு மலைமேல் கைங்கர்யம். மாமியாருக்கு வீட்டில் அதிகாரம். இரண்டுமே பரம்பரையாக வந்தவை. மாமியாரைக் கெட்டவர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். கேட்டால் கொடுப்பார். கேட்கவேண்டும், அவ்வளவுதான்.

மன்னி எல்லாவற்றையும் கேட்பாள். "அம்மா, மோர் இன்னொரு கரண்டி விட்டுக்கலாமா?" "ஃபேன் போட்டுக்கலாமா?" "ஈரத்துணியை மாடியில காயப்போடலாமா?" சின்ன வயதிலேயே தாயை இழந்து, சித்தூரில் பெரியப்பா வீட்டில் தம்பியோடு வளர்ந்தவள். அங்கே பிடித்த பழக்கம், கல்யாணத்தோடு மூட்டை கட்டி இங்கே வந்துவிட்டது. எனக்கு எரிச்சலாக வரும்.

"தும்மறதுக்கு மட்டும்தான் மன்னி நீங்க கேக்கல" என்றேன் ஒருநாள்.

"அது கேக்கறதுக்குள்ள வந்துடறதேடீ" என்றாள். கேலிக்குச் சொல்கிறாளா, நிஜமாகவே வருத்தப்படுகிறாளா என்று கண்டுபிடிக்க முடியாத முகம் அவளுக்கு.

ஒரு தடவை நாராயணவனம் கோயிலுக்கு வாடகைக் கார் வைத்துக்கொண்டு போனோம். வழியில் வடமாலபேட்டையில் டிரைவர் டீ குடிக்க நிறுத்தினான். நாங்கள் எல்லோரும் இறங்கிக் காலை நீட்டினோம். மாமியார் முன் சீட்டில் நல்ல தூக்கம். மன்னி மட்டும் பின் சீட்டில் வேர்த்து வழிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். கதவைத் திறந்து, "ஏன் மன்னி, வெளியில வரப்படாதா?" என்று கேட்டேன்.

"இறங்கலாமான்னு கேக்கணும். அம்மா தூங்கறாளே."

கையைப் பிடித்து இழுத்து இறக்கினேன். வெயிலில் நின்றபோதும் ஒரு கை கார்க் கதவிலேயே இருந்தது.

மன்னியின் கணவரை நான் நேரில் பார்த்ததில்லை. எனக்கு அவர் ஒரு கல்யாணப் புகைப்படம், ஒரு குரல். இரண்டாயிரம் பிறந்ததும் உலகத்திலுள்ள கம்ப்யூட்டர்கள் எல்லாம் ஒரே சமயத்தில் கெட்டுப்போகும் என்று பயந்துகொண்டு, தட்டச்சு தெரிந்தவனையெல்லாம் அமெரிக்கா கூப்பிட்டுக்கொண்ட நேரம். கல்யாணமான சூட்டோடு விமானம் ஏறியவர் அவர். போகும்போது இரண்டு பொருளை வீட்டில் விட்டுவிட்டுப் போனார். ஒன்று மன்னி, இன்னொன்று அந்தக் கம்ப்யூட்டர். அடுத்த வருஷம் நான் கல்யாணமாகி வந்தேன். தம்பி கல்யாணத்துக்கும் அமெரிக்காக்காரர் வரவில்லை, ஆசீர்வாதம் மட்டும் ஃபோனில் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுப் பெருமாளுக்குத் திருவாராதனம் முடிந்ததும் ஃபோன் மணி அடிக்கும். வரிசையாக நிற்போம். முதலில் மாமனார், அப்புறம் மாமியார், என் கணவர். மிச்சம் இருந்தால் மன்னி. அமெரிக்காக்காரர் எல்லோரிடமும் மறக்காமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. மெஷினை ஓடவிடுகிறார்களா? வாரத்துக்கு ஒருமுறையாவது அரைமணி நேரம் போட்டு வைக்காவிட்டால் உள்ளே ஈரம் ஏறிவிடுமாம். திருப்பதி வெயிலில் ஈரம்! வெளியே வைத்த வடாம் அரை நாளில் முறியும் ஊர் இது. ஆனால் பிள்ளை சொல்லிவிட்டானே என்று மாமியார் அதை விளக்கேற்றுவதுபோல மன்னியின் வேலைகளில் ஒன்றாகச் சேர்த்துவிட்டார்.

மன்னியின் முறை வந்தால், ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "ஒண்ணு கேக்கலாமா?" என்பாள். பிறகு, "நான் எப்போ வரலாம்?" என்பாள். வேறு எதுவும் கேட்டு நான் அறியேன். அந்தப் பக்கத்துப் பதிலை அவளே எங்களுக்குச் சொல்வாள். விசா வரட்டும்னார். கம்பெனி மாறினப்புறம்னார். அங்க எல்லாருக்கும் வேலை போறதாம், இப்போ வேண்டாம்னார். மாமனார் மாத்திரை டப்பாவை மூடிக்கொண்டே, "சாலு, சாலு, போறும். பெருமாள் பாத்துப்பார்" என்பார். பெருமாள் தலையில் எதைத்தான் போடுவது என்று ஒரு கணக்கு இல்லை.

கம்ப்யூட்டரை ஓடவிட்டுவிட்டு அரைமணி நேரம் என்ன செய்வது? திரையில் ஒரு கப்பல் படம் இருந்தது. அமெரிக்காக்காரர் ஆடிக்கொண்டிருந்த விண்வெளி விளையாட்டு. பக்கத்தில் அவருடைய ஜாய்ஸ்டிக், கப்பலைத் திருப்பும் கைப்பிடி. பேச்சிலராக இருந்தபோது மெட்ராஸ் போய்த் தேடி வாங்கிவந்ததாம். மன்னி மாமியாரிடம் போய், "சும்மாத்தானே உக்காந்திருக்கேன், அதை ஆடிப் பாக்கலாமா அம்மா?" என்று கேட்டாள்.

"அவன் பொருள். அவனைக் கேளு" என்றார் மாமியார்.

அந்த வார ஃபோனில் கேட்டாள். அந்தப் பக்கம் அமெரிக்காக்காரர் சிரித்தாராம், பிறகு லைன் போய்விட்டதாம். "வேண்டாம்னு சொல்லலை இல்லையா?" என்று என்னிடம் மூன்று தரம் கேட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

விளையாட்டு பெரிய சூட்சுமம் ஒன்றுமில்லை. உங்களுக்கு ஒரு ஓட்டைக் கப்பல். ஒரு நிலையத்தில் சரக்கு ஏற்றி இன்னொரு நிலையத்தில் இறக்கவேண்டும். நடுவில் கொள்ளைக்காரர்கள் துரத்துவார்கள். எந்த நிலையத்துக்குப் போனாலும் கதவருகே நின்று, ஒரு பொத்தானை அழுத்தி, இறங்கலாமா என்று அனுமதி கேட்கவேண்டும். கேட்காமல் நுழைந்தால் சுட்டுவிடுவார்கள். கேட்டால், "இறங்க அனுமதி அளிக்கப்பட்டது" என்று இங்கிலீஷில் எழுத்து வரும், பச்சை விளக்குகள் வரிசையாக எரியும்.

என் கணவர் இதே விளையாட்டை ஆடிப் பார்த்துவிட்டு, ஒவ்வொரு தடவையும் கேட்பது கழுத்தறுப்பு என்று விட்டுவிட்டார். மன்னிக்கு அதுதான் பிடித்தது. சண்டை அவளுக்கு வேண்டாம், லாபம் வேண்டாம். நிலையம் நிலையமாகப் போய்க் கதவருகே நிற்பாள், பொத்தானை அழுத்துவாள், பச்சை விளக்கு எரிவதைப் பார்ப்பாள்.

"ஒருத்தர்கூட வேண்டாம்னு சொல்லமாட்டேங்கறாடீ" என்றாள் ஒருநாள் மத்தியானம். முகம் குழந்தை மாதிரி இருந்தது.

"அது மெஷின் மன்னி. யார் கேட்டாலும் அதையேதான் சொல்லும்."

"சொல்லட்டுமே. எனக்கும் சொல்றதோல்லியோ?"

காபி போட எழுந்து போனேன்.

அந்த வருஷத்து ஆயுத பூஜையில்தான் ஜாய்ஸ்டிக் கெட்டது. மாமியாரின் பூஜையில் எதுவும் தப்பாது. அரிவாள்மணை, கிரைண்டர், மாமனாரின் பழைய ஸ்கூட்டர், டார்ச் லைட் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். மாமனார் தன் பங்குக்கு மானிட்டரின் நெற்றியில் சின்னதாக ஒரு நாமம் சாத்தினார். ஜாய்ஸ்டிக்குக்கு எங்கே பொட்டு வைப்பது என்று மாமியாருக்குப் புரியவில்லை. கைப்பிடி போய் அடிப்பாகத்தில் சேருகிற பள்ளத்தில், நீர்க்கக் கரைத்த சந்தனத்தை வழிய வழிய வைத்துவிட்டார். அது மெதுவாக உள்ளே இறங்குவதை மன்னி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அம்மா, உள்ள போறது. துடைச்சுடலாமா?"

"பூஜைல வெச்சதை இன்னிக்குத் தொடப்படாது. நாளைக்குப் புனர்பூஜை ஆனப்புறம் எடு."

நானாக இருந்தால் அவர் அந்தண்டை திரும்பியதும் புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டுப் போயிருப்பேன். மன்னி மறுநாள்வரை காத்திருந்தாள். அதற்குள் சந்தனம் உள்ளே போய்ச் சிமெண்டாக இறுகிவிட்டது. அன்றிலிருந்து கப்பல் இடதுபக்கமாகவே இழுத்தது. கையை எடுத்தால் சுற்ற ஆரம்பித்துவிடும். நேராகப் போகவேண்டுமென்றால் கைப்பிடியை வலதுபக்கம் அழுத்திக்கொண்டே இருக்கவேண்டும். மன்னி அழுத்திக்கொண்டே ஓட்டப் பழகினாள். மணிக்கட்டு வீங்கி, விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு மறுபடியும் ஓட்டினாள்.

என் கணவர் கம்ப்யூட்டர் கற்றுக்கொடுக்கும் சென்டரில் வேலை பார்த்ததால் எங்கள் சந்திலேயே முதலில் இன்டர்நெட் வந்த வீடு எங்களுடையது. ஹாலில் இருந்த ஃபோனிலிருந்து மன்னியின் அறைக்கு ஒரு ஒயர் இழுத்தார். மாமியார் தூங்கும் மத்தியான வேளையில் நானும் மன்னியும் கதவைச் சாத்திக்கொண்டு, அது கீச்கீச்சென்று கத்தி இணைப்பு எடுப்பதற்காகக் காத்திருப்போம். அந்த விளையாட்டுப் பைத்தியங்கள் எல்லாம் கூடிப் பேசும் ஃபோரம் ஒன்று இருந்தது. அமெரிக்காக்காரர் அதில் பெரிய புள்ளி. என்ன புனைபெயரில் எழுதுகிறார் என்பது எங்களுக்குத் தெரியும். புது ஃபைல்களை அங்கிருந்து இறக்கிக்கொள்ளும்படி அவரே என் கணவருக்குச் சொல்லியிருந்தார். மன்னியும் பி.காம். படித்தவள், இங்கிலீஷ் வாசிப்பாள் என்பது அவருக்கு மறந்துபோயிருக்கவேண்டும்.

அந்த ஃபோரத்தில் நடந்த சண்டைகளை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. இன்ஜினை நிறுத்தினால் கப்பல் நிஜ விண்வெளியில் போலப் போய்க்கொண்டே இருக்கவேண்டும் என்று ஒரு கட்சி, கார்போல நின்றுவிடவேண்டும் என்று இன்னொரு கட்சி. எங்கள் சந்தில் வடகலைக்கும் தென்கலைக்கும் நடக்கும் நாமச் சண்டை அதற்கு முன்னால் பிச்சை வாங்கவேண்டும். கைப்பிடியைத் திருகும் ஜாய்ஸ்டிக் நல்லதா, காலால் மிதிக்கும் பெடல் நல்லதா என்று பக்கம் பக்கமாக எழுதுவார்கள். ஒருவன் கிரகங்களுக்குப் புது நிறம் பூசி, மாட் என்று சொல்லும் சொந்த மாற்றம் செய்து போடுவான். இன்னொருவன் அது தப்பான நிறம் என்று அவனைக் கிழிப்பான். அமெரிக்காக்காரர் எல்லாச் சண்டையிலும் இருப்பார். ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் "ம்", "சரி", "பாக்கலாம்" என்று பேசுகிறவர் அங்கே எவ்வளவு பேசினார்!

இடதுபக்கம் இழுப்பதைப் பற்றி அங்கே கேளுங்கள் என்று நான்தான் மன்னியை விரட்டினேன். என்ன பெயர் வைத்துக்கொள்வது என்று யோசித்து, ஜன்னல் வழியாகத் தெரிந்த மாமனாரின் ஸ்கூட்டர் நம்பரையே வைத்துக்கொண்டாள். அமெரிக்காக்காரர் காலேஜுக்குப் போய்வந்த அதே ஸ்கூட்டர். "உங்கள் அனுமதியோடு ஒரு சந்தேகம் கேட்கலாமா?" என்று எழுதிப் போட்டாள். போட்டுவிட்டு, கேள்வியை எழுதாமல் யாராவது சரி என்று சொல்வதற்காகக் காத்திருந்தாள். மறுநாள்தான் யாரோ ஒரு புண்ணியவான், "தாராளமாகக் கேளுங்கள் ஐயா" என்று எழுதினான். அப்புறம்தான் கேள்வி போயிற்று.

பதில் எழுதியது அமெரிக்காக்காரர். "நண்பரே" என்று ஆரம்பித்து ஒரு முழு நீளப் பதில். உள்ளே இரண்டு சின்னச் சுழல் பாகங்கள் இருக்கும், அதில் ஒன்றில் அழுக்குச் சேர்ந்திருக்கும், அடியிலுள்ள திருகாணிகளைக் கழற்றி ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடையுங்கள், பயப்படாதீர்கள், மெதுவாகச் செய்யுங்கள், சரியாக வராவிட்டால் மறுபடியும் என்னைக் கேளுங்கள், எத்தனை தடவை வேண்டுமானாலும் கேளுங்கள் என்று அவ்வளவு பரிவாக எழுதியிருந்தார். சொந்த அப்பாவின் ஸ்கூட்டர் நம்பர் அவர் கண்ணில் படவில்லை. மன்னி அந்தப் பதிலை ஒரு எழுத்து விடாமல் இரண்டு தரம் படித்தாள்.

நான் திருப்புளியை எடுத்துக்கொண்டு வந்தேன். மன்னி ஜாய்ஸ்டிக்கை மடிக்குள் இழுத்துக்கொண்டாள்.

"வேண்டாம்டீ. அவர் பொருள். திறக்கலாமான்னு அவரை நான் கேக்கலையே."

"அவர்தானே மன்னி திறக்கச் சொல்லி எழுதியிருக்கார்!"

"அது எனக்குச் சொன்னதில்லை. யாரோ ஒருத்தருக்குச் சொன்னது."

திருப்புளியைக் கட்டிலில் விட்டெறிந்துவிட்டு வெளியே வந்தேன். உலகத்தில் சில பேருக்கு நல்லது செய்யவே முடியாது என்று என் கணவரிடம் கத்தினேன். அவர் பேப்பரை உயர்த்திப் பிடித்து முகத்தை மறைத்துக்கொண்டார். ஏன் மறைத்துக்கொண்டார் என்று அப்போது எனக்குத் தெரியாது.

ஃபோரத்தில் படித்துப் படித்து மன்னியும் ஒரே ஒரு மாட் செய்தாள். நிலையங்கள் சொல்லும் வாசகங்கள் எல்லாம் ஒரு சாதாரண எழுத்து ஃபைலில் இருக்கின்றன, யார் வேண்டுமானாலும் மாற்றலாம் என்று யாரோ எழுதியிருந்தார்கள். கப்பல்களின் வேகத்தையும் பீரங்கிகளையும் மாற்றிக் கூத்தடிக்கிறவர்கள் நடுவில், மன்னி ஒரே ஒரு வரியை மாற்றினாள். என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். இடதுபக்கம் இழுக்கும் கப்பலை வலதுபக்கம் அழுத்தி அழுத்தி, நிலையத்தின் கதவருகே கொண்டுபோய் நிறுத்தினாள். பொத்தானை அழுத்தினாள். இங்கிலீஷ் எழுத்திலேயே தமிழ் வந்தது.

"வாங்கோ வாங்கோ, உள்ள வாங்கோ."

பச்சை விளக்குகள் எரிந்தன. மன்னி வெட்கப்பட்டுக்கொண்டு சிரித்தாள்.

அப்புறம் வந்தது அந்த மத்தியானம். ஃபோரத்தில், 'உங்கள் மேஜையைக் காட்டுங்கள்' என்று ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. அவரவர் ஜாய்ஸ்டிக், பெடல், திரை எல்லாவற்றையும் படமெடுத்துப் போட்டுப் பெருமையடித்துக்கொள்வார்கள். அமெரிக்காக்காரரும் எழுதியிருந்தார். புதிதாக வாங்கியிருக்கும் கிராஃபிக்ஸ் கார்டைப் பற்றி ஒரு பாரா. வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் தனி நெம்புகோல் பற்றி ஒரு பாரா. கடைசியில், "உண்மையைச் சொன்னால் எங்கள் வீட்டில் நல்ல விமானி நான் இல்லை, என் மனைவிதான். அவள் நிலையத்தில் இறங்குவதைப் பார்க்கவேண்டும்" என்று இருந்தது.

நான் கட்டிலிலிருந்து துள்ளி எழுந்தேன். "மன்னி! உங்களைப் பத்தித்தான் எழுதியிருக்கார்! ஊரெல்லாம் கேக்கப் பெருமையா எழுதியிருக்கார்!"

மன்னி திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"நான் நன்னா இறங்குவேன்னு அவருக்கு எப்படிடீ தெரியும்?"

கீழே படம் இறங்கிக்கொண்டிருந்தது. அந்தக் காலத்து இணைப்பில் படம் மேலிருந்து கீழாகத் துண்டு துண்டாகத்தான் வரும். முதலில் வெள்ளைச் சுவர் வந்தது. அப்புறம் இரண்டு திரைகளின் தலை. அப்புறம் இரண்டு ஜாய்ஸ்டிக்குகள், ஒரே மாதிரி, புத்தம்புதிது. அப்புறம் இரண்டு நாற்காலிகள். வலதுபக்க நாற்காலியின் முதுகில் ஒரு பொம்பிளை ஸ்வெட்டர் தொங்கியது. படம் முழுசாக வரும்வரை மன்னி காத்திருந்தாள். பிறகு பதில் எழுதும் கட்டத்தைத் திறந்து, "உங்கள் அனுமதியோடு" என்று அடித்தாள். விரல் நின்றது. ஒவ்வொரு எழுத்தாக அழித்துவிட்டு இணைப்பைத் துண்டித்தாள். கம்ப்யூட்டரைத் துணியால் மூடி, நான்கு ஓரத்தையும் சரியாக இழுத்துவிட்டாள்.

நான் சமையலறைக்குப் போனேன். மாமியார் எழுந்து கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். அழுதுகொண்டே சொன்னேன். அவர் கத்தியைக்கூட நிறுத்தவில்லை.

"தெரியும்."

"எது தெரியும்?"

"கூட வேலை பாக்கறவளாம். சேர்ந்து இருக்காளாம். அவன் எப்பவோ சொல்லிட்டான். அவன் பொண்டாட்டி, அவனே வந்து சொல்லட்டும்னு இருந்தோம்."

"அதுவரைக்கும் இவ என்ன பண்றது?"

"என்ன பண்றதுன்னா? சோறு போடலையா, துணி எடுத்துத் தரலையா? இவளும் போயிட்டா எங்களை யாருடீ பாத்துப்பா? நீயோ எதுக்கெடுத்தாலும் எதிர்த்துப் பேசறவ."

என் கணவருக்கும் தெரிந்திருந்தது. அன்றிலிருந்து ரொம்ப நாளைக்கு அவருக்குத் தட்டில் சாதம் மட்டும் போட்டேன், வார்த்தை போடவில்லை. இன்றைக்கும் அவர் பேப்பரை உயர்த்திப் பிடித்தால் எனக்குச் சந்தேகமாகத்தான் இருக்கிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல மணி அடித்தது. வழக்கம்போல மெஷினைப் பற்றி விசாரணை. மன்னியின் முறை வந்தது. இரண்டு கையாலும் ரிசீவரைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒண்ணு கேக்கலாமா?" என்றாள். "உங்க ஜாய்ஸ்டிக்கை நான் எடுத்துக்கலாமா?"

அந்தப் பக்கம் ஏதோ சொன்னார்கள். மன்னி கேட்டுக்கொண்டாள். பிறகு, மாமியார் மறுபடியும் பேசுவதற்காகக் கை நீட்டியதைப் பார்த்தும், ரிசீவரை ஃபோன் மேல் வைத்துவிட்டாள்.

"எடுத்துக்கோன்னுட்டார்" என்றாள் எங்கள் எல்லோரையும் பார்த்து. அவள் கேட்டு அவர் சரி என்று சொன்னது எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

மத்தியானத்துக்குள் ஒரு பை கட்டிவிட்டாள். புடவைகளுக்கு நடுவில் ஜாய்ஸ்டிக், அதன் ஒயரை அழகாகச் சுற்றி வைத்திருந்தாள். கூடத்தைத் தாண்டும்போது மாமியார் எழுந்து நின்றார்.

"எங்க கிளம்பிட்ட?"

"சித்தூருக்கு. தம்பி ஆத்துக்கு."

"யாரைக் கேட்டுண்டு?"

மன்னி செருப்பை மாட்டிக்கொண்டாள். நான் அவளோடு பஸ் ஸ்டாண்டுவரை போனேன். பஸ் கிளம்பும்வரை நின்றேன்.

இதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் தலை நிமிர்ந்தாள், ஜெயித்தாள் என்று எழுதிவிட்டு எழுந்து போய்விடலாம். எனக்கும் அதுதான் ஆசை.

சில வருஷம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, அமெரிக்காக்காரர் வருகிறார், அந்த ஸ்வெட்டர்க்காரியையும் கூட்டிக்கொண்டு வருகிறார் என்று ஃபோனில் செய்தி வந்தது. மாமியார் அன்றைக்கே தூசி தட்ட ஆரம்பித்துவிட்டார். வேறு யாராவது போய்ச் சொல்வதற்குள் நானே சொல்லிவிடவேண்டும் என்று சித்தூருக்குப் பஸ் ஏறினேன். மன்னி அங்கே ஒரு தனியார் பள்ளிக்கூடத்து ஆபீஸில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். இளைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் சந்தோஷமாக எழுந்தவள், சமையலறை வாசலில் போய் நின்றுகொண்டு, தன்னைவிடப் பத்து வயது சின்னவளான தம்பி மனைவியைக் கேட்டாள்.

"ஏம்மா, இவளுக்குக் காபி கலக்கப் பால் எடுத்துக்கலாமா?"

எனக்கு அப்போதே எழுந்து போய்விடலாம்போல இருந்தது.

ஜாய்ஸ்டிக் அவளுடைய பீரோவின் மேல் இருந்தது, துணி போட்டு மூடி. தம்பி வீட்டில் கம்ப்யூட்டர் இருக்கிறதே, செருகிப் பார்க்கக்கூடாதா என்று கேட்டேன். அதன் வாலை எடுத்துக் காட்டினாள். அகலமான பழைய மாதிரி, இரண்டு வரிசை ஊசி. இப்போது வருகிற கம்ப்யூட்டர்களின் பின்னால் அதைச் செருகும் வாயே இல்லையாம். கடையில் கேட்டால் சிரித்தார்களாம்.

செய்தியைச் சொன்னேன். காபியை ஆற்றிக்கொண்டே கேட்டாள். கண்ணில் ஒன்றும் தெரியவில்லை.

"அந்த ரூம்லயா தங்கப்போறா?" என்றாள்.

"வேற எங்க?"

"மெஷின் அங்கதானே இருக்கு?"

"இருக்கு. துணி போட்டு மூடினபடி அப்படியே இருக்கு. இதோ பாருங்கோ மன்னி, நாளைக்கே அதை ஒரு ஆட்டோல ஏத்திக் கொண்டுவந்து இங்க எறக்கறேன். இந்த ஜாய்ஸ்டிக்கும் அதுல போகும். உங்க நிலையம் எல்லாம் அதுலதானே இருக்கு?"

ஒரு நிமிஷம் அவள் முகம் அந்தப் பழைய மத்தியான முகமாக மாறியது. பிறகு அணைந்தது.

"கேக்காம எடுத்துண்டு வந்துடாதேடீ. நான் ஜாய்ஸ்டிக்குக்கு மட்டும்தானே கேட்டேன்."

அவளோடு சண்டை போட்டேன். உங்களை இப்படி வளர்த்தவர்களைச் சொல்லவேண்டும் என்றேன். அவள் சிரித்தாள். வாசல்வரை வந்து வழியனுப்பினாள், படி தாண்டவில்லை. யார் என்ன சொன்னாலும் நாளைக்கு மெஷினை எடுத்துவருவது என்று பஸ்ஸில் பல்லைக் கடித்துக்கொண்டு முடிவு செய்தேன்.

வீட்டுக்கு வந்தபோது அந்த அறையின் கதவு அகலத் திறந்திருந்தது. கட்டிலில் புது விரிப்பு. ஜன்னலோரம் மேஜை காலியாக இருந்தது, அதன்மேல் தூசி படியாத ஒரு சதுரம் மட்டும் தெரிந்தது. அந்த வீட்டில் மன்னியை 'உள்ள வாங்கோ' என்று கூப்பிட்ட ஒரே ஒரு பொருள் அந்த இடத்தில்தான் உட்கார்ந்திருந்தது. அந்த வார்த்தையையும் அவளேதான் அதற்கு எழுதிக் கொடுக்கவேண்டியிருந்தது.

மாமியார் சமையலறையில் ஒரு பெரிய எவர்சில்வர் அடுக்கைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். காலையில் சந்தில் "பாத சாமான்லு" என்று கூவிக்கொண்டு வந்த பழைய சாமான்காரனிடம் பழைய மெஷினைப் போட்டுவிட்டு வாங்கினாராம். முதலில் சின்னதாகத்தான் கொடுத்தானாம். இவர் தெலுங்கில் நாலு போடு போட்டதும் பெரியதைக் கொடுத்துவிட்டானாம். பிள்ளை வந்தால் பாலும் வெல்லமும் சேர்த்துக் கண்ணமுது பண்ண ஆகுமாம்.

"யாரைக் கேட்டுண்டு போட்டேள்?" என்றேன்.

மாமியார் அடுக்கைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைத் தட்டிப் பார்த்தார். நிஜமாகவே புரியாமல் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நம்மாத்துப் பொருளுக்கு யாரைடீ கேக்கணும்?"